உண்டியலுக்குள் போன டெலஸ்கோப்

முனீஸ்வரியின் டெலஸ்கோப் அந்தச் சனிக்கிழமை காலை காளியம்மன் கோயில் உண்டியலுக்குள் இருந்தது. திங்கட்கிழமை காலை அது அவள் கையில் இருந்தாக வேண்டும். உண்டியலைத் திறப்பது வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனிப் பொங்கலுக்கு. அப்போது ஜூன் மாதம்.

லோ விஷன் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். லென்ஸ் பவர், உருப்பெருக்கக் கணக்கு, சார்ட் வைக்க வேண்டிய தூரம் எல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. உண்டியல் அதில் இல்லை. ஆகவே நான் உண்டியலை எழுதுகிறேன்.

1. கம்பம் மட்டுந்தான்னு நெனச்சேன்

தொண்ணூறுகளின் நடுவில் ரிஃப்ராக்‌ஷன் பயிற்சி முடித்து, அருப்புக்கோட்டையில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். லோ விஷன் அறை என்று எனக்குக் கொடுத்தது மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம். ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கம் குனிந்துதான் போக வேண்டும்.

கையிருப்பு இவ்வளவுதான்: கையில் பிடிக்கும் பூதக்கண்ணாடிகள், பக்கத்தின் மேல் நிற்கும் ஸ்டாண்ட் மேக்னிஃபையர் ஒன்று, தடித்த ரீடிங் கண்ணாடிகள், ஆசாரி செய்து கொடுத்த சாய்வுப் பலகை, ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் வெட்டிய கறுப்பு அட்டை, நாலு மடங்கு பெரிதாக்கும் டெலஸ்கோப் ஒன்று. டெலஸ்கோப் என்றதும் கப்பல்காரர் கையில் இருப்பதை நினைக்காதீர்கள். கட்டைவிரல் நீளக் குழல். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.

கண்ணாடி போட்டாலும் ஆபரேஷன் செய்தாலும் இதற்குமேல் பார்வை கூடாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லி அனுப்புகிறவர்கள் என்னிடம் வருவார்கள். மிச்சமிருக்கும் பார்வையை வைத்து அன்றாட வேலையை எப்படி நடத்துவது என்று சொல்லித் தருவதுதான் என் வேலை.

முனீஸ்வரி அப்படி வந்தவள். வீட்டில் முனீசு. பத்து வயது, ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். பிறந்ததிலிருந்தே விழித்திரையின் நடுப்பகுதி சரியாக வளரவில்லை. கருவிழி இரண்டும் ஊசலாடிக்கொண்டே இருக்கும். அப்பா கருப்பையாவுக்குப் பரளச்சிக்குத் தெற்கே மானாவாரி நிலம். மிளகாய், பருத்தி. டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் ஒரே வரியில் எனக்குச் சொன்னார்:

“கண்ணு இருக்கு தாயி, ஆனா முழுசா வேல செய்ய மாட்டேங்குது.”

இதைவிடச் சரியாக நானே சொல்லியிருக்க முடியாது.

சார்ட்டில் அவளுக்கு மேலே இருக்கும் பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது. டெலஸ்கோப்பைக் கொடுத்ததும் அடுத்தடுத்த வரிகளுக்கு இறங்கினாள். 6/60 வந்த பிள்ளை 6/18 படிக்கிறாள். நல்ல வெளிச்சத்தில் பார்க்கட்டும் என்று வாசலுக்குக் கூட்டிப்போனேன்.

குழலைக் கண்ணில் வைத்து மேலே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல கம்பி போகுதுக்கா!”

“பின்ன கரண்டு நடந்தா வரும்?” என்றார் கருப்பையா.

“நான் கம்பம் மட்டுந்தான்னு நெனச்சேன்.”

அவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டார். முனீசு நிறுத்தவில்லை. பஸ் கூரைமேல் ஆடு நிற்கிறது. கண்டக்டருக்குத் தாடி. டயர் கடை போர்டில் ஒரு எழுத்து உதிர்ந்திருக்கிறது. சுவரில் ‘நோட்டீஸ் ஒட்டாதீர்கள்’ என்று எழுதி, அதன் மேலேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பிறகு குழல் டீக்கடைப் பக்கம் திரும்பியது.

“அக்கா, அப்பா அங்க நின்னுக்கிட்டு என்னயப் பாத்துச் சிரிக்கிறாக.” கொஞ்ச நேரம் கழித்து, “தூரமா போனாலும் இவுக இப்படித்தான் சிரிச்சுக்கிட்டு இருப்பாகளா?”

டீக்கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ரோட்டைக் கடந்து வந்து, எனக்கு ஒரு தடவை என்று வரிசை கட்டினார்கள். டாக்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “கீழ என்னம்மா, பொருட்காட்சியா?” என்று கேட்ட பிறகுதான் உள்ளே வந்தோம்.

2. ஹெட்மாஸ்டர் சொன்ன நிபந்தனை

ஆறாம் வகுப்புக்குத் திருச்சுழிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கிருந்த ஹெட்மாஸ்டர் கெட்டவர் அல்ல, பயந்தவர்.

“முன்னாடி ரோடு, பின்னாடி கெணறு. பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான்ல பதில் சொல்லணும்? ஸ்கூல் தொறக்குற திங்கக்கிழம கூட்டிட்டு வாங்க. நான் போர்டுல எழுதுவேன். பெஞ்சுல இருந்தே பாத்து எழுதிட்டா சேத்துக்கிறேன். முடியலைன்னா மதுரையில பார்வையில்லாத பிள்ளைகளுக்கு விடுதியோட ஸ்கூலு இருக்கு. அங்க சேருங்க, அதுதான் அவளுக்கு நல்லது.”

அச்செழுத்தைக் கண்ணால் படிக்கக்கூடிய பிள்ளை அவள். விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து அவளுக்குத் தேவையில்லை. முனீசு அதை வேறு மாதிரி சொன்னாள்: “மதுரையில எனக்கு யாரத் தெரியும்?”

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பயிற்சி ஆரம்பித்தோம். முதலில் வெறுங்கண்ணால் இடத்தைப் பிடி. தலையை அசைக்காமல் குழலைக் கண்ணுக்குக் கொண்டுவா. வளையத்தைத் திருகி ஃபோகஸ் பண்ணு. ஒரு வரி பார், குழலை இறக்கு, எழுது. அடுத்த வரி.

குழலை அவளிடமே கொடுத்தனுப்பி, வாரம் ஒரு நாள் அவளை அழைத்து வரச் சொன்னேன். மற்ற நாளெல்லாம் பரளச்சி பஸ் ஸ்டாப்தான் அவள் வகுப்பறை. தூரத்தில் புழுதி கிளம்பியதுமே ஊர்க்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: “ஏத்தா முனீசு, வாரது நரிக்குடி பஸ்ஸா, திருச்சுழி பஸ்ஸா?” அவள் போர்டைப் படித்துச் சொன்ன பிறகே மூட்டையைத் தலையில் ஏற்றினார்களாம். ஒரு தடவை, “பஸ்ஸு நரிக்குடிதான், ஆனா எடமில்ல, படியில தொங்குறாங்க” என்று சேர்த்துச் சொன்னாள். பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

3. நெசக் கண்ணு

சனிக்கிழமை, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நானே அவர்கள் ஊருக்குப் போனேன். பையில் கிட்டத்தில் வைத்துப் படிக்கும் சார்ட், லென்ஸ் துடைக்கும் துணி, சாக்பீஸ். முனீசு வாசற்படியில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கயிறு இல்லை.

கருப்பையா வாயெல்லாம் பல்லாக வந்தார். “வாங்க தாயி! நேத்து வெள்ளிக்கெழம, காளியம்மனுக்குக் காணிக்கை செலுத்தியாச்சு. பிள்ளைக்குக் கண்ணு தெரிஞ்சா கண்மலர் போடுறேன்னு அவ பொறந்தப்பவே நேந்திருந்தேன்.”

கண்மலர் தெரியும். கண் வடிவில் வெட்டிய சின்ன வெள்ளித் தகடு. நோய் தீர்ந்தவர்கள் சாமிக்குச் செலுத்துவது. “ரொம்ப நல்லதுண்ணே. குழல் எங்க?” என்றேன்.

“அதத்தான போட்டேன்.”

நான் பையைக் கீழே வைத்தேன்.

“தகடு பேருக்குத்தான் கண்ணு. இது நெசக் கண்ணுல்ல? நெசக் கண்ணக் கையில வச்சுக்கிட்டு ஆத்தாளுக்குத் தகட்டப் போட்டா அவ என்னய என்ன நெனப்பா?”

“அண்ணே, இப்பப் பாப்பா எத வச்சுப் பாக்கும்?”

“அதான் தெரிய ஆரம்பிச்சிருச்சே. காச்ச விட்டப்பெறகும் மாத்திரைய முழுங்கிக்கிட்டா இருப்போம்?”

உள்ளேயிருந்து அவர் மனைவி பாண்டியம்மாளின் குரல் வந்தது: “ஆஸ்பத்திரிப் பிள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தான!”

“ஏன், அவுகட்டத்தான் பெட்டி நெறைய இருக்கே! வரிசையா அடுக்கி வச்சிருக்காக. இன்னொண்ணு தாராக.”

அவர் பார்த்தது டிரையல் செட். பவர் சோதிக்கும் வட்டக் கண்ணாடிகள் அடுக்கிய பெட்டி. அது வேறு, இது வேறு, டெலஸ்கோப் எங்களிடம் இருந்ததே ஒன்றுதான், வெளிநாட்டிலிருந்து அடுத்தது வர மாதக்கணக்கில் ஆகும் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆத்தா கண்ணைத் திறந்த பிறகு குழல் எதற்கு?

முனீசு எழுந்து வந்து அப்பா பக்கத்தில் நின்றாள். தெருவை அண்ணாந்து பார்த்தாள்.

“அப்பா, மறுபடி கம்பம் மட்டுந்தான் நிக்குது. கம்பியக் காணோம்.”

கருப்பையா அவளைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலைப் பார்க்க ஓடினார். பின்னால் நான், எனக்குப் பின்னால் முனீசு, அவளுக்குப் பின்னால் தெரு.

4. ஆத்தா கிடா

அந்த உண்டியல் பெரிய இரும்புப் பெட்டி. மிளகாய் வத்தல், பருத்தி என்று விளைந்ததையும் காணிக்கையாகப் போடுவார்கள் என்பதால் வாய் அகலம். கை மணிக்கட்டு வரைக்கும் போகும், அதற்குமேல் போகாது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பூசாரி இருளப்பன் பாண்டியம்மாளின் உடன்பிறந்தவர், முனீசுக்குத் தாய்மாமன். அக்கா மகள் என்பதற்காகச் சட்டத்தைத் தளர்த்துகிறவர் இல்லை.

“உள்ள போனது ஆத்தாளுது மச்சான். பங்குனிக்கு வாங்க, தொறப்போம்.”

“பங்குனிக்குள்ள எம்மக மதுரைக்குப் போயிருவாளே மாப்ள!”

“மூணு பூட்டு. ரெண்டு சாவி ஊருல இருக்கு, ஒண்ணு பந்தல்குடியில வேலுச்சாமிட்ட. சாவி கெடக்கட்டும். சாமிக்குப் போட்டதத் திருப்பி எடுத்த ஊருன்னு பேராயிருச்சுன்னா, அப்புறம் மழ தண்ணி வருமா?”

“இப்ப மட்டும் வருதாக்கும்!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

நான் முன்னால் போய்க் காரணங்களைச் சொன்னேன். ஒன்று, அது மருந்து இல்லை, கருவி. இரண்டு, அதை எடுத்துவிட்டால் பார்வை பழையபடிதான். மூன்று, திங்கட்கிழமை பரீட்சை. நான்கு, அது ஆஸ்பத்திரியின் பொருள். பூசாரி நாலையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“பிள்ள தெளிவாப் பேசுது. எந்த ஊரும்மா ஒனக்கு?”

அதற்குள் பின்னால் யாரோ என் பையை இழுப்பதுபோல் இருந்தது. திரும்பினேன். பெரிய கறுப்புக் கிடா ஒன்று, கழுத்தில் மாலையோடு, என் சார்ட்டை மென்றுகொண்டிருந்தது. விரட்டக் கையை ஓங்கினேன். ஊரே கத்தியது.

“அடிக்காதீங்க! அது ஆத்தா கிடா!”

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது. அது சார்ட்டின் கடைசி இரண்டு வரியைத் தின்று முடிக்கும் வரை மரியாதையாகக் காத்திருந்தேன். மிகச் சின்ன எழுத்துள்ள வரிகள். கிடாவுக்குப் பார்வை பிரமாதம்.

அப்போது முனீசு கேட்டாள்: “மாமா, இது ஆத்தா கிடான்னா ஏன் கோயில்ல இல்லாம ஒங்க வீட்டுல படுத்துக் கெடக்கு?”

“நேந்துவிட்டது ஆத்தாளுக்கு. வளக்குறது நாங்க.”

“அப்ப என் குழலும் ஆத்தா குழலாவே இருக்கட்டும். நான் வளக்குறேன்.”

கூட்டத்தில் ஒரே இரைச்சல். நேர்ந்துவிட்டது ஊர் சுற்றலாம் என்றால் குழலும் சுற்றலாம்தானே என்றார்கள் சிலர். உண்டியலுக்குள் போன கிடா எது, இதுவரைக்கும் போனதுண்டா என்றார்கள் சிலர். வாய் அகலமாக இருந்தால் போயிருக்கும் என்று ஒருவர் பதில் சொன்னார். ஒரு பெரியவர் மட்டும் நிஜமான சந்தேகம் கேட்டார்:

“கிடாயப் பொங்கலுக்கு வெட்டிருவோம். கொழாய என்னப்பா பண்றது?”

எல்லோரும் பூசாரியைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சாமியிடம் உத்தரவு கேட்டாரா, அக்கா வீட்டில் இனிமேல் சோறு கிடைக்குமா என்று யோசித்தாரா, தெரியவில்லை.

“அவ படிச்சு முடிக்கவும் கோயிலுக்கு வந்து சேரட்டும். அதுவரைக்கும் அவகிட்ட வளரட்டும்.”

ஆஸ்பத்திரிப் பொருளை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்பதைத் திங்கட்கிழமைக்குப் பிறகு யோசிக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

கருப்பையா டிவிஎஸ் ஃபிஃப்டியில் பந்தல்குடிக்குப் பறந்தார். தூத்துக்குடி ரோட்டில் டயர் பஞ்சர் கடை வைத்திருந்த வேலுச்சாமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்பினார். வேலுச்சாமியின் கையெல்லாம் கிரீஸ்.

“ஏலே கருப்பையா, சீக்கிரம் தொறங்கலே! லோடு லாரிய ஜாக்கில ஏத்தி நிப்பாட்டிட்டு வந்திருக்கேன். அந்த டிரைவரு என்னயத் தேடி இங்க வந்தாலும் வந்துருவான்.”

குலவையோடு உண்டியல் திறந்தது. மிளகாய் வத்தலுக்கு நடுவில் மஞ்சள் துணியில் சுற்றிக் கிடந்தது குழல். லென்ஸில் கீறல் இல்லை. ஃபோகஸ் வளையம்தான் குங்குமத்தில் நறநறவென்றது. தும்மித் தும்மித் துடைத்துக் கொடுத்தேன். உடனே பூசாரி விரலில் குங்குமத்தோடு நேராக லென்ஸுக்கு வந்தார்.

“அதுல வைக்காதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் கிடாவே நிமிர்ந்து பார்த்தது. கடைசியில் குழலின் முதுகில் ஒரு பொட்டு, கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு என்று சமாதானமானோம்.

5. ஏழாப்புக்குப் போன மாரிமுத்து

திங்கட்கிழமை. ஹெட்மாஸ்டர் முனீசை மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, போர்டில் இரண்டு வரி எழுதினார். நாளை முதல் அனைவரும் சீருடையில் வரவும், பத்து நிமிடம் முன்னதாக வரவும் என்பதுபோல ஏதோ. கருப்பையா ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கதவோரம்.

முனீசு குழலை எடுத்தாள். பார்த்தாள், இறக்கினாள், நோட்டில் மூக்கு படும்படி குனிந்து எழுதினாள். மறுபடி பார்த்தாள். இரண்டு வரிக்கு ஆகவேண்டிய நேரத்தைத் தாண்டியும் எழுதிக்கொண்டே இருந்தாள். எங்கே தடுமாறுகிறாள்? வெளிச்சமா, கூச்சமா, குங்குமமா?

ஹெட்மாஸ்டர் நோட்டை வாங்கி உரக்கப் படித்தார். இரண்டு வரியும் அப்படியே இருந்தன. அதற்குக் கீழேயும் இருந்தது.

“பேசியவர்கள். ஒன்று, மாரிமுத்து. பக்கத்துல நாலு பெருக்கல் குறி. ரெண்டு, ராக்கம்மா... என்னம்மா இது?”

“போர்டுல இருக்குறத எழுதச் சொன்னீங்கல்ல சார். மூலையில சின்னதா இருக்கு.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஏப்ரலில் வகுப்புத் தலைவன் எழுதி, யாரும் சரியாக அழிக்காமல் விட்ட பட்டியல், மூலையில் மங்கலாக இருந்தது. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டப் போய்ச் சரிபார்த்தார்.

“மாரிமுத்து ஏழாப்பு போயிட்டாம்மா. அவன விடு” என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஜன்னலில் கருப்பையா அழுதுகொண்டே சிரித்தார்.

“என்ன சாமான்மா அது? நான் பாக்கலாமா?”

முனீசு கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “செருப்பக் கழட்டுங்க சார். ஆத்தா குழலு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் உத்திரத்தைப் பார்த்தேன். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, குழலை வாங்கி ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். வளையத்தைத் திருகினார்.

“அடேயப்பா!” பிறகு, “அடப்பாவி! பேங்குக்குப் போயிருக்கேன்னான், பெட்டிக்கடையில உக்காந்து வடை திங்கிறான்யா நம்ம பியூனு!”

முனீசைச் சேர்த்தாகிவிட்டது.

கடைசியாக எங்கே உட்கார வைப்பது என்று பேச்சு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் எழுதிக் கொண்டுவந்திருந்த சிபாரிசில் முதல் வரியே ‘முதல் பெஞ்ச்’ என்பதுதான். நம் தொழிலில் கை தானாக எழுதும் வரி அது.

“முன்னாடி வேணாம் சார்” என்றாள் முனீசு. “அஞ்சு வருசமா போர்டுக்குக் கீழ ஒத்தையா உக்காந்திருந்தேன். அங்க பக்கத்துல யாருமே இருக்க மாட்டாக.”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெலஸ்கோப்பின் வட்டம் சின்னது. போர்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டு சொல்தான் அதற்குள் விழும். தள்ளிப் போனால் வரி முழுதாக விழும். அங்கிருந்தும் குழலில் அவளுக்கு எழுத்து தெரியும். ஆசையும் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

“கடைசிக்கு முந்தின பெஞ்ச் சரியா வரும் சார்” என்றேன்.

அந்த பெஞ்சில் இரண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி அவசரமாகச் செருப்பைக் கழற்றினாள். இன்னொருத்திக்குக் கழற்றச் செருப்பு இல்லை, கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, “எனக்கு ஒருக்கா காட்டுறியா?” என்றாள்.

அதற்குப் பிறகு என் வேலையில் இரண்டு விஷயங்களை மாற்றிக்கொண்டேன். பெற்றோரிடம் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். ‘வீட்டுக்குப் போனதும் இத என்ன செய்வீங்க?’ என்று கேட்கிறேன். பட்டுச் சேலைக்குள் சுற்றி பீரோவில் வைப்போம் என்றவர்கள் உண்டு. அண்ணன் தம்பி நாலு பேரும் முறைவைத்துப் பார்ப்போம் என்றவர்கள் உண்டு. இவளுக்குக் கல்யாணத்தன்று மேடையில் கொடுப்போம் என்றும் ஒருவர் சொன்னார். இதெல்லாம் என் அறையிலேயே வெளியே வந்துவிட்டால் சாவி தேடி பந்தல்குடிக்குப் போக வேண்டியதில்லை.

இன்னொன்று குழந்தையிடம் கேட்பது. ‘எதப் பாக்கணும்?’ என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். ‘யார் பக்கத்துல உக்காந்து பாக்கணும்?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்குப் பதில் வரட்டும், பவரை அப்புறம் முடிவு செய்யலாம்.